குடியிருப்பு இல்லை

வறண்ட ஏரிக்குள் ட்ரோன் பறக்கவிட அனுமதி கேட்டிருந்தான் படமெடுக்க வந்த இன்பராஜ். 'இவ்விடத்தில் குடியிருப்பு எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் செண்பகவல்லி, விதிப்படி பக்கத்திலேயே நின்றாள். ட்ரோன் உயர உயர, வெறும் புல்தரை திரையில் அடியில் சுவர் இருக்கும் இடம் காய்ந்த மஞ்சளும் மற்ற இடம் பச்சையுமாகப் பிரிந்து, புதைந்துபோன ஓர் ஊராக எழுந்து வந்தது. நேர்நேராகத் தெருக்கள், இருபுறமும் சதுரம் சதுரமாக வீடுகள், நடுவில் வட்டமாக ஒரு கிணறு. அவள் திரையில் தன்னைத் தேடினாள். யாருடைய வீட்டுக்குள்ளோ நின்றுகொண்டிருந்தாள். சட்டென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இறக்கட்டுமா மேடம்?"

"இறக்குங்க தம்பி." குரல் தானாகத் தாழ்ந்தது. "யார் வீட்டு மேலயும் வேணாம். தெருவுல இறக்குங்க."