வீல்சேர் வாசல்

"எங்க வாப்பா. முழங்கால் ரெண்டும் போச்சு," என்றான் வீல்சேரைத் தள்ளி வந்த நீலச் சட்டைக்காரன். பெரியவர் பாவமாகத் தலையாட்டினார்.

தர்காவின் வீல்சேர் வாசலில் நின்ற காவலாளி கயிற்றைத் தூக்கிவிட்டார். வீல்சேரில் வருகிறவருக்குத் துணையாக இரண்டு பேர் போகலாம். மற்றவர்களுக்குப் பொது வரிசை. அது கடைத்தெருவையும் தாண்டி வளைந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

காவலாளியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

"வயித்துல குழந்தை தலை இன்னும் கீழ திரும்பலையாம். நாளன்னிக்குப் பார்த்துட்டு ஆபரேஷன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நம்ம பொண்ணு அழுதுகிட்டே கிடக்கிறா. வாசல்லயே நிக்கிறீங்க, உள்ள போய் ஒரு துஆ கேக்கக் கூடாதா?"

"டியூட்டியில உள்ள போகக் கூடாது. போன லீவுக்குப் பொது வரிசையில நின்னேனே, பாதியிலயே கதவைச் சாத்திட்டாங்க."

"ஊருக்கெல்லாம் கயிறு தூக்குற கை!" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

மதியத் தொழுகை முடிந்ததும் ஒரு வீல்சேர் வந்தது. "எங்க வாப்பா," என்றான் கண்ணாடிக்காரன். நாற்காலியில் அதே பெரியவர், அதே தலையாட்டல்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு தாடிக்காரன் ஒருவன் அவரைத் தள்ளி வந்தான். பெரியவருக்குத் தொழுகைக்கொரு மகன் பிறந்துகொண்டிருந்தான். தனக்கே காது குத்துகிறார்களே என்று முணுமுணுத்தபடி காவலாளி கயிற்றைத் தூக்கினார்.

வேலை முடிந்ததும், செருப்பு வைக்கும் இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவரைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, உங்களுக்கு எத்தனை மகன்?"

"ஒருத்தன்தான். கடல் தாண்டி இருக்கான்."

"அப்போ இவங்கெல்லாம்?"

"எனக்குத் தள்ள ஆள் இல்ல. அவங்களுக்கு வீல்சேர் இல்ல." சிரிக்காமல் சொன்னார்.

"தலைக்கு எவ்வளவு வாங்குறீங்க?"

"காசா? அஸ்தஃபிருல்லா! வாய் நிறைய வாப்பான்னு கூப்பிடுறாங்களே, அது போதாதா?"

"ஆபீஸ்ல சொன்னா நாளையிலேருந்து உங்களை இந்த வாசல் பக்கமே விடமாட்டாங்க, தெரியுமில்ல?"

பெரியவரின் கை சக்கரத்தை இறுகப் பிடித்தது. "சொல்லப் போறீங்களா, தம்பி?"

காவலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் காதருகே குனிந்தார்.

"நாளைக்கு எனக்கு லீவு, வாப்பா."