ஒன்பதடி அறை

ஜாக்கியின் கைப்பிடியைப் பதினோராவது முறை அமுக்கியபோது கல்லுக்குள் எதுவோ முனகியது.

கையை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே கட்டிலில் நீலாம்பாள் அசையவில்லை. என் மனைவிக்குச் சத்தம் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

நான்கு நாள் முன்பு உளியும் சம்மட்டியும் வைத்துத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஆறாவது அடியில் அவள் தங்கை சங்கரி வெளியே வந்து, என் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சத்தமில்லாமல் பிளக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வாத்தியார் நான். இதுகூட முடியாவிட்டால் என்ன வாத்தியார்?

காஜா முகைதீன் தன் லாரி ஷெட்டிலிருந்து இருபது டன் ஜாக்கியைக் கொடுத்தார். எதற்கென்று கேட்டார். சொன்னேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டை இரண்டை அவரே உளி மாதிரி தீட்டிக் கொடுத்தார்.

சேனல் இரும்பில் ஒரு சட்டம். கீழே ஜாக்கி, அதன் தலையில் ஒரு பட்டை. சட்டத்தின் மேல் பக்கம் இன்னொரு பட்டை. நடுவில் கான்கிரீட் கல். ஜாக்கி ஏற ஏற இரண்டு பட்டையும் மேலும் கீழுமாகக் கல்லை நெரிக்கும். முதல் இரண்டு கல்லும் கோணலாக உடைந்தன. பட்டைகள் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், விலகியிருந்தன. தகரத் துண்டு கொடுத்து நேராக்கினேன். இது மூன்றாவது கல்.

எதற்கென்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவள் படுத்திருக்கிற அறை ஒன்பது அடி அகலம்.

வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டுமுன் பாபநாசம் கொத்தனார் சொன்னார். "சார்வாள், மனையடி சாஸ்திரத்துக்கு ஒம்பது ஆவாது. வீட்டுப் பொம்பளைக்கு ஆயுசு கொறையும். எட்டுல நிப்பாட்டுவோம்."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? டேப்புக்கு நல்லது கெட்டது தெரியுமா என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்பதில் கயிறு பிடித்தார்.

அது தொண்ணூற்று ஒன்றில். மூன்று வருஷம் கழித்து, போன மாதம், ஈரலில் கட்டி முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மனையடியில் எனக்கு இப்போதும் நம்பிக்கை கிடையாது. ஆனால் எல்லோரும் கையை விரித்த பிறகு, என் கையால் செய்வதற்கு மிச்சமிருந்தது அந்த ஓரடி ஒன்றுதான்.

மாடிக்கென்று வாங்கிப் போட்ட எட்டங்குலக் கல், மாடி எடுக்காமலே கொல்லையில் கிடந்தது. சரிபாதியாகப் பிளந்தால் நாலு. பின்னால் ஓரங்குலம் சாந்து, முன்னால் ஓரங்குலம் பூச்சு. அறையின் இரண்டு பக்கமும் உள்ளே அரையடி அரையடி சுவர் எழுப்பினால் ஒன்பது எட்டாகிவிடும். புதிதாக நாலங்குலக் கல் வார்த்து, தண்ணீர் விட்டு இறுகப் பதினைந்து நாள் ஆகும் என்றார் சேரன்மகாதேவி ரோட்டில் கல் வார்ப்பவர். அவருக்குப் பதினைந்து நாள் இருந்தது.

பன்னிரண்டாவது முறை அமுக்கினேன்.

ரொட்டியைப் பிட்டது மாதிரி கல் இரண்டாக விலகியது. டேப்பை வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஒரு நூல் வித்தியாசமில்லை.

சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டில் அந்த நேரத்தில் அப்படிச் சந்தோஷப்படக் கூடாது, ஆனாலும் பட்டேன்.

"அத்தான், அக்கா கூப்பிடுதா" என்றாள் சங்கரி, ஜன்னலிலிருந்து.

பாதிக் கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். சுவர் விஷயம் அவளுக்குச் சங்கரி சொல்லியிருந்தாள். நீலாம்பாள் கையை நீட்டி, பிளந்த முகத்தில் தெரிந்த ஜல்லியைத் தடவினாள். பிறகு கட்டிலின் இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தாள்.

"இங்கன சொவரு வைக்கும்போது நா எங்கன படுக்க?"

டன் கணக்கு, அங்குலக் கணக்கு, நூல் கணக்கு எல்லாம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை. சிமெண்டும் தூசியும் ஈரமுமாக வேலை நடக்கும்போது அவள் இதற்குள் மூச்சு விட முடியாது. வீட்டில் வேறு அறை கிடையாது. வாசலை ஒட்டிய கூடம், பட்டாசல், ஒன்றுதான்.

படுக்கையில் கிடப்பவரைப் பட்டாசலுக்கு எப்போது கொண்டுவருவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான். அப்படிக் கொண்டுவந்த யாரையும் திரும்ப அறைக்குள் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை.

"பட்டாசல்லதான்" என்றேன். "ரெண்டு நாளைக்கு."

சங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீலாம்பாள் கல்லிலிருந்து கையை எடுத்தாள். "அது எத்தன அடிங்க?"

"பதினாறு. ரொம்ப நல்ல அளவு."

"பதினாறா" என்று லேசாகச் சிரித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்டாசல் பதின்மூன்று அடி. அதற்கும் கொத்தனார் அன்றைக்குத் தலையைச் சொறிந்தார்.

அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்து, ஒவ்வொரு அளவையும் உரக்கப் படித்துச் சொன்னவள் நீலாம்பாள்தான்.