புல்லட்டுக்குப் புதுக் கண்ணாடி

"என்ன பாய், கண்ணாடி மாட்டச் சொன்னா எமனை மாட்டி வெச்சிருக்கீங்க!"

சென்னப்பன் போட்ட சத்தத்தில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையே திரும்பிப் பார்த்தது. தள்ளிக்கொண்டு வந்த புல்லட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அதில் ஹேண்டில்பாருக்கு முன்னால் காற்றைத் தடுக்கக் கம்பெனி கொடுத்த குட்டைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பட்டறைக்காரர் அப்துல் சுபான் முந்தாநாள்தான் உயரமான புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"விளிம்பு சரியா கண்ணுக்கு நேரா நிக்குது. நேத்து தொப்பூர் எறக்கத்துல நல்ல தூறல். கண்ணாடி பூராத் தண்ணி. எதுத்தாப்பல வந்த லாரி, கிட்ட வந்தப்பறம்தான் தெரிஞ்சுது. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்! வூட்ல புள்ளைங்க இருக்குது பாய்!"

சுபானுக்கும் கோபம் வந்தது. வேலையில் குறை சொன்னால் அவருக்கு ஆகாது.

"ஏறி உக்காருங்கண்ணே, பார்த்துரலாம்."

சென்னப்பன் முறைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். விளிம்பு அவர் மூக்கு நுனிக்கு நேராக நின்றது.

"கண்ணுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. இதுல எங்கண்ணே லாரி மறைக்கும்?"

"நிக்கற வண்டியில எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பேசாம ரெண்டு வெரக்கடை அறுத்துக் குடுங்க!"

"மாட்டேன். அறுத்தா, மூஞ்சில காத்து அடிக்குதுன்னு நாளைக்கு மறுபடி சண்டைக்கு வருவீங்க."

எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த சென்னப்பனின் மனைவி தீர்த்தம்மாள், சத்தம் கேட்டு டம்ளரை வைத்துவிட்டு வந்தாள். சுபான் அவளிடமே நியாயம் கேட்டார்.

"நீயே சொல்லும்மா. அன்னைக்கு இவருதான் வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாரு. 'ஓட்டறவங்க ஏறி உக்காருங்க, அளவெடுக்கணும்'னு இத்தன பேரு முன்னால சொன்னேன். இவருதான் உக்காந்தாரு. அப்படியே கோடு போட்டு அறுத்தேன். என் மேல என்ன தப்பு?"

தீர்த்தம்மாள் புருசனைப் பார்த்தாள். அவர் பெட்ரோல் டேங்கைப் பார்த்தார்.

"பாய் கேட்டாரு, நீங்களும் ஏறி உக்காந்துக்கிட்டீங்களா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? எறங்குங்க!"

சென்னப்பன் இறங்கினார்.

தீர்த்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகி, வண்டியில் ஏறி ஹேண்டில்பாரைப் பிடித்தாள். கண்ணாடியின் விளிம்பு சரியாக அவள் கண்ணுக்கு நேராக நின்றது. "இப்பப் போடுங்க பாய் கோடு. பின்னால உக்காந்து வர்ற மனுசனுக்கு எதுக்கு அளவு?"