கத்தரிக்கோல் பாடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒரு ராட்சசன் கதை சொல்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை, அவன் நெய்வேலி டவுன்ஷிப்காரன்தான்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு ஓர் ஆள் பள்ளிக்கூடத்து வாசலில் சைக்கிளை நிறுத்தினான். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது, அதுவும் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. கேரியரில் இருந்து ஒரு சிறுமி குதித்து இறங்கினாள்.

"யாருய்யா இங்க கதை சொல்ற டீச்சரு?"

பியூன் பாவாடை ஒரு முழம் பின்னால் போனான். "எதுவா இருந்தாலும் ஹெட்மாஸ்டர் ரூம்ல பேசிக்கலாம், வாங்க. கத்தரிக்கோலை மட்டும் கீழ பாத்து புடிங்க."

சுரங்கத்தில் கரி தென்பட்ட வருஷம் அது. தமயந்தி டீச்சர் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலையும் பர்மனென்ட் ஆகவில்லை. ஹெட்மாஸ்டர் குழந்தைவேல் ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவர் ஏற்கெனவே ஒரு தரம் கூப்பிட்டுக் கண்டித்திருந்தார். "கதை சொன்னா பிள்ளைங்க தூங்கிடுமேம்மா, பாடத்தை நடத்துங்க" என்று, தம்முடைய மத்தியானத் தூக்கம் கலைந்த கையோடு.

ஆகவே இன்று அந்த அறைக்குள் நுழைந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. மேஜைக் காலைப் பார்த்தபடியே நின்றாள்.

வந்தவன் துண்டை அவிழ்த்தான். இடது பக்கம் மீசை முறுக்கிக்கொண்டு நின்றது. வலது பக்கம் அறுவடை முடிந்த வயல்.

"நான் குஞ்சிதபாதம் சார், மைன்ஸ்ல நைட் ஷிப்ட். நேத்து பகல்ல வூட்ல தூங்கிகினு இருந்தேன். சாயங்காலம் முழிச்சிப் பாத்தா பாதி மீசையக் காணோம். எம் பொண்ணு அம்சவல்லி இந்தக் கத்திரிக்கோலை வெச்சிகினு பக்கத்துல குந்திகினு இருக்குது!"

"மிச்சத்தையும் எடுத்துட்டு வந்திருக்கலாமேங்க?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"சாட்சி வேணாமா சார்? ராத்திரி பூரா துண்டை அவுக்காம வேலை பாத்தேன். மேஸ்திரி பல்வலியான்னு கேட்டு கிராம்பு குடுக்கறாரு!"

வாசலில் நின்ற பாவாடை இருமினான். ஹெட்மாஸ்டர் அவனை முறைத்துவிட்டு, "என்ன கதைம்மா சொன்னீங்க?" என்றார்.

தமயந்தியின் குரல் மேஜைக் காலோடு பேசியது. "கைவேலை வகுப்பு சார். காகிதம் வெட்டணும். பிள்ளைங்க கத்தரிக்கோலைத் தொடவே பயந்துதுங்க. பயம் போகட்டுமேன்னு எங்க பக்கத்துக் கதை ஒண்ணு சொன்னேன்."

"சொல்லுங்க."

"ஒரு ராட்சசன் சார். பகலெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குவான், ராத்திரியெல்லாம் மண்ணைத் தோண்டுவான். அவன் கோபமெல்லாம் மீசையிலதான் இருக்கு. ஒரு சின்னப் பொண்ணு அவன் தூங்கறப்போ அதைக் கத்தரிச்சிடறா. முழிச்சதும் நல்லவனாயிடறான்."

கும்பகோணத்தில் அது கதை. இங்கே வரிசைக்கு நாலு வீட்டில் அப்பாக்கள் அப்படித்தான். அது புது டீச்சருக்கு இப்போதுதான் உறைத்தது. அவள் முந்தானை நுனியைப் பிடித்துக் கசக்கினாள்.

"கேட்டீங்களா சார்? என்னை ராட்சசன்னு சொல்லிக் குடுத்துருக்காங்க. இவங்களை இன்னிக்கே அனுப்பிடுங்க. இன்னும் எத்தினி பேரு மீசை போவப் போவுதோ!"

ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சிறுமியைக் கிட்ட அழைத்தார்.

"ஏம்மா, வெட்டினதும் அப்பா நல்லவரா ஆனாரா?"

"ஆயிட்டாரு சார். நேத்துலேர்ந்து என்னைத் திட்டவே இல்ல."

"வாயத் தொறந்தா துண்டு அவுந்துடுமேன்னு கம்முனு இருந்தேன் சார்!"

"ஏன் பாதியோட நிறுத்திட்டே?"

"பொரண்டு படுத்துட்டாரு சார். இன்னொரு நாளு பாக்கலாம்னு இருக்கேன்."

குஞ்சிதபாதம் மிச்ச மீசையைக் கையால் மூடிக்கொண்டான்.

ஹெட்மாஸ்டர் கத்தரிக்கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமயந்தி கும்பகோணத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்றுகூட நினைத்துவிட்டாள்.

"டீச்சர் இங்கேயே இருக்கட்டும்" என்றார் அவர். "கதையும் சொல்லட்டும். ஒரு தரம் கேட்டதையே பிள்ளைங்க இவ்வளவு சுத்தமா செய்யுதுங்கன்னா, பாடம் மனசுல பதிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? இனிமே வகுப்பு முடிஞ்சதும் கத்தரிக்கோலை வாங்கிப் பூட்டி வெச்சிடுங்கம்மா. ராட்சசனையும் கொஞ்சம் ராத்திரியிலே தூங்க வெச்சிடுங்க."

"என்னா சார் ஞாயம் இது?" குஞ்சிதபாதம் மேஜையைத் தட்டினான். "உங்களுக்கு என்னா, வழுவழுன்னு உக்காந்துகினு இருக்கறீங்க. மீசையே வெக்காதவருக்கு மீசை போன வலி எங்க தெரியும்?"

அப்போதுதான் தமயந்தி தலையை நிமிர்த்தி ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். திறந்த வாய் மூடவில்லை.

அவர் எழுந்து போய், பாவாடையின் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நேத்து மத்தியானம் வரைக்கும் எனக்கும் இருந்துதுங்க."

கேட்ட உங்கள் வீடு நிறைந்து விளங்கட்டும் கண்ணுகளா. பகலில் படுப்பவர்கள் மீசையோடு எழுந்திருக்கட்டும்.