பதினோராவது குருவி

தங்கை அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளில் பதித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்த அண்ணன் செருப்புக் காலோடு நின்று கத்தினான்.

"முந்திக்கிட்டியா? நான் நாலு நாள் வரலைன்னதும் வீட்டை உன் பேருக்கு மாத்த ஆரம்பிச்சுட்ட, இல்ல?"

"செருப்பைக் கழட்டிட்டு வந்து கத்து," என்றாள் அவள், நிமிராமலே.

ஒரே பாய்ச்சலில் மேசையில் இருந்ததை எல்லாம் அள்ளினான். பத்து தடித்த அட்டைகள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் ரேகை, அதற்குப் பேனாவால் ஒரு மூக்கு, ஒரு கண், குச்சி மாதிரி இரண்டு கால். ரேகை அத்தனையும் குருவியாகி உட்கார்ந்திருந்தது. கீழே 'நன்றி' என்று எழுதியிருந்தது.

"ஆஸ்பத்திரியில அப்பாவைப் பார்த்துக்கிட்டவங்களுக்கு வாழ்த்து அட்டை. அவர் விரலுக்கும் பயிற்சியாச்சு. நீதான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலையே, அதான் உனக்கு இல்ல."

"நாக்கை அடக்கிப் பேசு."

"அட்டையைக் கசக்காம வை."

பக்கவாதம் வந்து ஆறு மாதமாக அப்பா வாயே திறக்கவில்லை. மனுஷருக்கு இப்போது ஒன்றும் புரிவதில்லை என்று அண்ணன் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தான். அப்பா அவர் பாட்டுக்கு நீல மையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பச்சையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"விரலைத் துடைக்க ஈரத்துணி எடுத்துட்டு வரேன். நீ எதையும் தொடாத," என்று சொல்லிவிட்டுத் தங்கை உள்ளே போனாள்.

படுபாவி, அதற்குத்தானே காத்திருந்தான். சட்டைக்குள்ளிருந்து பத்திரத்தை உருவினான். வீடு முழுவதும் அவனுக்கே என்று பக்காவாக அடித்து, சாட்சிக் கையெழுத்துகூட வாங்கிவைத்த பத்திரம். அப்பாவின் ரேகை ஒன்றுதான் பாக்கி. அது விழுந்துவிட்டால் நாளைக்கே தங்கையின் பெட்டி தெருவில் கிடக்கும்.

"இதுவும் அட்டைதாம்பா. இங்க ஒண்ணு வைங்க," என்றான், குரலில் தேனைத் தடவி.

அப்பா அவனைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். யாரும் கையைப் பிடிக்காமலே விரலை மையில் தோய்த்து, அவன் காட்டிய இடத்தில் பிசகாமல் பதித்தார்.

அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மை காயட்டும் என்று குனிந்து ஊதிக்கொண்டிருந்தபோது தங்கை துணியோடு வந்தாள். பத்திரத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பாவே வெச்சுக் குடுத்துட்டாரு. இனிமே இங்க உனக்கு வேலையில்ல. மூட்டையைக் கட்டு."

அப்பா பத்திரத்தை அவன் கைக்கடியிலிருந்து இழுத்து மகள் பக்கம் நகர்த்தினார். கூடவே பேனாவையும் உருட்டிவிட்டார்.

"இதுக்கும் மூக்கு வரைஞ்சிடும்மா."