அண்ணன் வீட்டு பெல்

புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு எலக்ட்ரீஷியன் தன் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறார். பதினோரு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காலை வெயில் பித்தளைக் கைப்பிடியில் பட்டுக் கண் கூசுகிறது. ‘முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு’ என்று பாஸ்டர் இத்தனை பேரில் தன்னைப் பார்த்தா சொல்ல வேண்டும் என்ற கடுப்பு இன்னும் ஆறவில்லை. கதவுக்குப் பின்னால் அண்ணனின் இருமல் கேட்கிறது. இவர் பெல்லை அழுத்துகிறார். இன்னொரு தரம், இன்னும் ஒரு தரம். கதவு திறக்கவில்லை. “பாத்தியா? ஆண்டவர் சொன்னாரு, கீழ்ப்படிஞ்சு வந்தேன், மூணு தடவ அடிச்சாச்சு. இதுக்கு மேல நான் என்ன பண்ண? வா, போலாம்.” பழப்பையோடு நிற்கும் மனைவி நகரவில்லை. “உள்ள பெல் சத்தமே கேக்கலயே?” “கேக்காது.” “ஏன்?” அவர் மோவாயால் கதவு நிலைக்கு மேலே காட்டுகிறார். அறுந்த ஒயர் ஒன்று அங்கே தொங்குகிறது. “அன்னிக்குச் சண்ட போட்டுட்டுப் போறப்ப நான்தான் பிடுங்கி விட்டேன்.” மனைவி ஒயரைப் பார்க்கிறாள், பிறகு அவரை. “ஆண்டவர் உங்கள பெல் அடிக்கவா சொன்னாரு?” உள்ளே மறுபடியும் இருமல். கதவைத் தட்ட ஒரு நொடி போதும். அவர் விரல் பெல்லை அழுத்திக்கொண்டே இருக்கிறது.