பனிக்குள் இரண்டு மணிகள்

நௌகுச்சியாதால் ஏரியை மூடுபனி மறைத்துவிட்டது. டெல்லியிலிருந்து தனியாக வந்து, தனியாகவே துடுப்புப் போடுவேன் என்று அடம்பிடித்த பெண் அதற்குள் எங்கேயோ இருக்கிறாள். படகை வாடகைக்கு விட்ட தனுலி, துறையில் தொங்கும் பித்தளை மணியை விடாமல் அடிக்கிறாள். பனி இறங்கினால் மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடு என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் எதிர்க்கரைக் கோயிலிலும் இப்போது மணி அதிர்கிறது. "யாருடா அது?" என்கிறாள். "பூசாரிதான் அக்கா. பொண்ணு மாட்டிக்கிட்டான்னு போன்ல சொன்னேன், உதவிக்கு அடிக்கிறார்," என்கிறான் படகோட்டி ஹயாத். "நல்லா உதவினாரு போ! அந்தப் பக்கம் பூரா தாமரைக்கொடி. சிக்கினா படகு கவிழ்ந்துடும். நிறுத்தச் சொல்லு!" "போனை எடுக்கல அக்கா. ரெண்டு கையும் மணியில இருக்கும்."

வெள்ளைக்குள் துடுப்புச் சத்தம் இந்தப் பக்கம் வருகிறது, தயங்குகிறது, அந்தப் பக்கம் திரும்புகிறது. தனுலியின் உள்ளங்கை மணிக்கயிற்றில் வழுக்குகிறது. காலையில் அதே பெண் தனுலி விற்கும் ஒரு கம்பளித் தொப்பிக்காக அவளிடம் மல்லுக்கு நின்று, விலை படியாமல் போனவள். தனுலி கயிற்றை விட்டுவிட்டு இரு கைகளையும் வாயருகே குவிக்கிறாள். "ஏம்மா! அந்தத் தொப்பியை நீ கேட்ட விலைக்கே தரேன்!"

துடுப்பு நின்றுவிட்டது. கோயில் மணி மட்டும் கேட்கிறது. பிறகு பனிக்குள்ளிருந்து நடுங்கும் குரல் ஒன்று வருகிறது: "அதே விலைக்கு ரெண்டா தருவீங்களா அக்கா?"

விலையைக் குறைத்தே பழக்கமில்லாத தனுலி தொண்டை கிழியக் கத்துகிறாள். "மூணு தரேன் தாயி! வாயை மூடாம பேரம் பேசிக்கிட்டே வா!"